ஒன்பதாம் அறைக் கிணறு

கோப்பன்குளம் அரசு மருத்துவமனையின் ஒன்பதாம் எண் அறையில் கிணறு வந்தது ஒரு புதன்கிழமை முற்பகலில். வெளியே மருந்து கொடுக்கும் ஜன்னலில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஜெபசீலியும் சங்கரவேலுவும் எதிரெதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவே சிமெண்டுத் தரை முதலில் ஈரம் கண்டது, பிறகு ஈரம் வட்டமாயிற்று, பிறகு அந்த வட்டத்துக்குள் இருந்த தரை, வேலை முடிந்து கிளம்புகிற ஆள் மாதிரி, சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போய்விட்டது. ஜெபசீலி செருப்பைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வேறொன்றும் செய்யவில்லை. எதிரே இருப்பவர் பேசத் தொடங்கியபின் எழுந்திருக்கக் கூடாது என்பது அவள் தொழிலில் முதல் பாடம்; சங்கரவேலுவோ இத்தனை புதன்கிழமைகள் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனவன், அன்றைக்குத்தான் வாயைத் திறந்திருந்தான்.

"கெணத்த மூடிட்டேன்" என்றான். அவ்வளவுதான்.

ஜெபசீலி கொஞ்சம் பொறுத்து, "மூடிட்டீங்க" என்று அவன் சொல்லையே அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். அடியில் எங்கோ நீர் ஊறுகிற சத்தம் கேட்டது.

அவளுக்கு அரசாங்கம் வைத்த பெயர் மனநல ஆலோசகர். ஊருக்கு அது வாயில் நுழையவில்லை. ஊசி போடாதவள் டாக்டர் இல்லை, வெள்ளை உடுப்பு இல்லாதவள் நர்ஸும் இல்லை, எந்நேரமும் பேச்சுத்தானே என்று பேச்சு டாக்டரம்மா ஆக்கிவிட்டார்கள். உள்ளபடி அவள் பேசினதைவிடக் கேட்டதுதான் அதிகம். அந்த அறைக்குப் போவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதில் ஊர் கவனமாக இருந்தது. எட்டாம் அறையில் பல் டாக்டர் இருந்தது வசதியாகப் போயிற்று. வருகிறவர்கள் பல்வலி என்று சீட்டு வாங்கி, கன்னத்தைப் பொத்திக்கொண்டே நடந்து வந்து, கடைசி நிமிடத்தில் ஒரு கதவு தள்ளி நுழைந்துவிடுவார்கள்.

சங்கரவேலுவுக்குக் கன்னத்தைப் பொத்தவும் தெம்பில்லை. அவனுடைய அக்கா அன்னக்கிளிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஊருக்கு மேற்கே அவனுக்கு மிளகாய்த் தோட்டம், அதில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றில் இறங்கிய அவன் மனைவி மாரிக்கனி படி வழுக்கி விழுந்து செத்துப்போனாள். காரியம் முடிந்த மறுநாள் அவன் டிராக்டர் டிராக்டராக மண் கொண்டுவந்து கொட்டிக் கிணற்றை மூடினான். மூடி முடித்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டான், பேச்சையும் அதோடு போட்டுவிட்டான். செடி நின்ற நிலையில் காய்ந்தது. கொடுத்தால் தின்றான், கொடுக்காவிட்டால் இல்லை.

கிணறு வந்த அன்றைக்கு நேரம் முடிந்து அவன் போனபின், பெருக்க வந்த குருவம்மா வாசலில் நின்றாள்.

"யம்மா, தரைய என்ன செஞ்சீங்க?"

"கிணறு வந்திருக்கு குருவம்மா. பாத்து வா."

"தண்ணி கெடக்கா?"

"கீழ கொஞ்சம் தெரியுது."

"அப்ப சரி. தொடைக்கத் தண்ணி தேடி அலைய வேணாம்" என்று குருவம்மா தன் வாளியில் கயிறு கட்டி இறக்கினாள். இறைத்த தண்ணீரைத் தரையில் கொட்டுமுன் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். பிறகு அதைக் கொட்டவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

கோப்பன்குளத்தில் குழாயில் தண்ணீர் வருவது பெரிய மனிதர் வருகை மாதிரி, எப்போதாவது, அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல். ஆகவே குருவம்மா தெருவில் பருப்பு வெந்த செய்தி ஒரே நாளில் ஊரைச் சுற்றிவிட்டது. மற்றத் தண்ணீரில் அடுப்பு அணையும் வரை கொதித்தாலும் கல்லாகக் கிடக்கிற துவரம்பருப்பு, ஒன்பதாம் அறைத் தண்ணீரில் இரண்டு கொதியில் மலர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் அறை வாசலில் இருந்து மருத்துவமனை வாசல்வரை குடம் வரிசை நின்றது.

தலைமை டாக்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கட்டடத்தைப் பராமரிக்கிற அலுவலகத்துக்கு எழுதினார். கட்டட வரைபடத்தில் கிணறு இல்லை, ஆகவே கிணறு இல்லை, இல்லாத கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டப் பணம் ஒதுக்க முடியாது என்று பதில் வந்தது. குருவம்மாவின் வீட்டுக்காரர் கொத்தனார். மிச்சம் கிடந்த செங்கலை வைத்து அவரே கட்டினார். "முழங்கால் உயரம் போதும்" என்று ஜெபசீலி சொன்னாள். "எதிர்ல இருக்கிறவங்க முகம் எனக்குத் தெரியணும்." கவுன்சிலர் செல்லச்சாமி கப்பியும் கயிறும் வாங்கி மாட்டினார். கப்பியில் தன் பெயரைச் சிவப்புப் பெயிண்டால் எழுத மறக்கவில்லை.

புதன்கிழமை மட்டும், சங்கரவேலு உள்ளே இருக்கும் நேரம், கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கும், வரிசை வெளியே நிற்கும். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். பெண் பார்க்கப் போனபோது மாரிக்கனி காபியில் சர்க்கரை போட மறந்ததைச் சொன்னான். இருவருமாக மிளகாய் காயப்போட்ட களத்தைச் சொன்னான். பிள்ளை தங்காமல் போனதைச் சொன்னான். சந்தையிலிருந்து திரும்பி வந்தபோது தோட்டத்தில் கூடி நின்றவர்கள் தனக்கு வழி விட்டதைச் சொன்னான். ஜெபசீலி குறுக்கே கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, அழாதீர்கள் என்று சொல்லவில்லை. அவன் சொல்லில் ஒன்றை எடுத்து அவனிடமே மெல்லக் கொடுத்தாள். அவன் சொல்லச் சொல்லத் தண்ணீர் உள்சுவரில் கல் கல்லாக மேலே ஏறியது. நேரம் முடிந்து அவன் எழுந்து, போகும்போது வழக்கமாக, "சாப்பிட்டீங்களாம்மா?" என்பான். அவளும் வழக்கமாக "ம்" என்பாள். கதவு திறக்கும். குடங்கள் உள்ளே வரும்.

ஒரு விஷயம் அவளை உறுத்தியது. இந்த அறையில் சொன்னது அறையை விட்டு வெளியே போகாது என்று வருகிற எல்லோருக்கும் வாக்குக் கொடுக்கிறவள் அவள். இங்கே சொன்னதோ குடம் குடமாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் குடித்துப் பார்த்தாள். மற்றவர்களையும் கவனித்தாள். அந்தத் தண்ணீரில் யாருடைய பெயரும் இல்லை, எந்தச் சம்பவமும் இல்லை. குடித்தவர்கள் செம்பைக் கீழே வைக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே. டீக்கடையில் அந்தத் தண்ணீரில் டீ போட்ட நாட்களில் ஆட்கள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சரி, இது போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இன்னொன்றும் நடந்தது. பல்வலி நின்றுபோயிற்று. பேச வேண்டியவர்கள் இப்போது குடத்தோடு வந்தார்கள். வரிசையில் நின்றால் யாருக்குத் தெரியும். முறை வந்ததும் உள்ளே வந்து, குடத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு, கயிற்றைத் தொடாமல் நிற்பார்கள். ஜெபசீலிக்கு அடையாளம் பழகிவிட்டது. "உக்காருங்க" என்பாள். அவர்கள் பேசிவிட்டுக் குடத்தை மறந்து கிளம்பும்போது, குருவம்மா அதில் தண்ணீர் இறைத்துக் கொடுத்து அனுப்புவாள். அவர்களில் யார் பேசினபோதும் தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லை. கிணறு சங்கரவேலுவுடையது, அவன் பேச்சுக்கு மட்டும் ஊறியது.

ஆடி பிறந்தபோது அவன் சவரம் செய்துகொண்டு வந்தான். அடுத்து, தோட்டத்தில் பாத்தி கட்டியிருப்பதாகச் சொன்னான். தன் வீட்டு எருமையின் குறும்பைச் சொல்லும்போது, சிரித்துவிட்டோமே என்று பயந்தவன் மாதிரி நிறுத்தினான், பிறகு மறுபடியும் சிரித்தான். அந்த வாரம் குருவம்மா கயிற்றில் இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டாள்.

"கீழ போயிருச்சும்மா" என்றாள்.

"தெரியும்."

"ஆளு தேறிட்டாரு போல."

ஜெபசீலி பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது குருவம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. சாயந்திரத்துக்குள் ஊருக்கும் அது தெரிந்துவிட்டது. கவுன்சிலர் செல்லச்சாமி துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"மேடம், உங்க வேலையில குறுக்க வரலை. சங்கரவேலு தேறிட்டான்னு கேள்விப்பட்டேன், சந்தோசம். கொஞ்சம் சடுதியாத் தேறிட்டானோன்னு ஒரு பேச்சு இருக்கு."

"நான் என்ன செய்யணும்?"

"ஐப்பசி மழை வரைக்கும் இழுத்துப் பிடிங்க. பொறகு அவன் பாட்டுக்குச் சிரிக்கட்டும். நானே வந்து மாலை போடுறேன்."

"வர்றவங்களப் பத்தி நான் வெளிய பேசுறதில்ல, அண்ணாச்சி."

"நீங்க பேச வேணாம் மேடம். அவன் பேசட்டும்ங்கிறேன்."

அவள் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். அவர் நேரே வரிசையில் நின்ற பெண்களிடம் போனார். பெண்கள் அன்னக்கிளியிடம் போனார்கள்.

"ஒன் தம்பியக் கொஞ்சம் வஞ்சிட்டு வா, தாயி. கூடப்பிறந்தவ நீ வஞ்சா உறைக்கும்."

அன்னக்கிளி வழியெல்லாம் மனதுக்குள் வைது பழகிக்கொண்டே போனாள். அவன் வீட்டு வாசலில் நின்று, "ஏலே, நீயெல்லாம் ஒரு மனுசனா" என்று ஆரம்பித்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக் கழுவி, தானே சமைத்த சோற்றையும் குழம்பையும் போட்டு வைத்தான். திரும்பி வந்தவளை வரிசை பிடித்துக்கொண்டது.

"வஞ்சியா?"

"கொழம்புல உப்பு சரியா இருந்துச்சு" என்றாள் அன்னக்கிளி, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு. "அதுக்கு மேல என்னால வைய முடியல."

டீக்கடைக்காரர் அவனுக்குச் சர்க்கரை போடாமல் டீ கொடுத்துப் பார்த்தார். உடம்புக்கு நல்லதுதான் என்று குடித்துவிட்டுப் போனான். ஊர் கெடுதல் செய்து தோற்றது. பிறகு, நினைக்காமலே, நன்றி சொல்லி ஜெயித்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் மாசமாக இருந்த ஒரு பெண் அவனைக் கண்டதும் எழுந்து நின்று, "அண்ணே, ஒங்க புண்ணியத்துல தலைக்குக் குளிக்கேன்" என்று கைகூப்பினாள். அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பின் வந்த புதன்கிழமைகளில் சங்கரவேலுவுக்குத் துன்பங்கள் வரிசையாக வந்தன. எருமை செத்துவிட்டது என்றான். மச்சான் ஏமாற்றிவிட்டான் என்றான். கனவில் பாம்பு வருகிறது, அதுவும் ஒன்றல்ல என்றான். சொல்லும்போது தலையைக் குனிந்து கிணற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தண்ணீர் ஏறத்தான் செய்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. பானையின் உட்புறம் வெள்ளையாகப் படிந்தது. வரிசையில் பெண்கள் முணுமுணுத்தார்கள்: "போன புதன் தண்ணி உப்பு. இந்தப் புதன் அதுக்கும் மேல."

ஜெபசீலி தன் வீட்டில் அடுப்பின் முன்னே நின்று, கரண்டியில் நாலு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினாள். நசுங்கவில்லை. அவன் பொய் சொல்கிறான் என்று பருப்பு வேகாமல் போவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். செத்ததாகச் சொன்ன எருமையின் சாணம் அவன் செருப்பில் ஈரமாக இருந்தது. தெரிந்தும் அவள் ஏன் இத்தனை வாரம் சும்மா இருந்தாள் என்பதுதான் வேகாத பருப்பைப் பார்த்தபடி அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி. ஊருக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அவள் தனியாக இருக்கிறவள்; சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க அந்த ஊரில் வேறு ஆள் இல்லை. ஒரு வார்த்தைதான். அதற்காக ஒரு மனிதனைத் தேறவிடாமல் நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தாளா? கவுன்சிலர் இழுத்துப் பிடிக்கச் சொன்னார், மறுத்தாள். மறுத்துவிட்டுத் தானும் அதையே செய்துகொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். அன்றைக்கு மோர் விட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்த புதனில் அவன் வீட்டுக் கூரை சரிந்ததைப் பற்றி ஆரம்பித்தான். அவள் அவனை முழுதும் சொல்லவிட்டாள். பிறகு சொன்னாள்:

"நீங்க சொன்னதுல பருப்பு வேகாது, சங்கரவேலு."

அவன் தலையைத் தூக்கினான். முதலில் சிரிப்பு வந்தது அவனுக்கு, பிடிபட்டவனின் சிரிப்பு. அது முகத்திலேயே நின்று மெல்லக் கரைந்தது.

"ஒண்ணு மிச்சம் இருக்கும்மா" என்றான். "கடைசி. அதையும் சொல்லிட்டேன்னா தண்ணி நின்னுரும். அடியில கெடக்குறது எனக்குத் தெரியுது. ஊரு என்ன செய்யும்?"

"ஊருக்குத் தண்ணி குடுக்கிறது உங்க வேலையில்ல. என் வேலையும் இல்ல."

"சரி. நான் புதன்கிழமைக்கு எங்க போவேன்?"

அவளுக்குப் பாடத்தில் இதற்கு ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லவில்லை. "தெரியல" என்றாள். "எனக்கும் அந்த நேரத்துக்கு என்ன செய்றதுன்னு தெரியல. இருந்தாலும் சொல்லுங்க."

அவன் சுற்றுச்சுவரில் கையை ஊன்றினான். வெளியே குடம் குடத்தோடு முட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒரு வாளிம்மா" என்றான். "காது பிஞ்ச மஞ்ச வாளி. கயிறு அறுந்து உள்ள விழுந்துருச்சு. சந்தைக்குப் போயிட்டு வந்து எடுத்துத் தாரேன், நீ இறங்காதன்னு சொன்னேன். தலையாட்டினா. நான் வண்டிய எடுக்கிற வரைக்கும் நின்னு தலையாட்டினா."

"தலையாட்டினாங்க."

"வந்து பாக்கேன், செருப்பு மேல கெடக்கு. எல்லாரும் பாவம் பாவம்ங்கிறாங்க. அக்கா போட்டோவுக்கு மாலை போட்டு வெளக்கேத்துது. எனக்கு அந்தப் போட்டோவப் பாத்தா பத்திக்கிட்டு வருது. செத்தவ மேல கோவப்படலாமாம்மா? சாமியாயிட்டாளே."

"சாமியாகுறதுக்கு முந்தி உங்க வீட்டுக்காரிதான?"

அவன் எழுந்தான். முழங்கால் உயரச் சுவரில் குனிந்து, கிணற்றுக்குள் முகத்தை நீட்டி, ஒரு வருஷத்துக்கு மேலாக உள்ளே கிடந்த குரலில், தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற மாதிரி வைதான்.

"ஏட்டி மாரிக்கனி. ஒனக்கு அறிவு இருக்கா? சொன்னா கேக்கணும்னு இருக்கா? வாளி போனா சந்தையில வாங்குவேன். ஒன்ன எந்தச் சந்தையில போயி வாங்கட்டும்? தலைய ஆட்டினியே, தலைய ஆட்டிட்டு இறங்குனியே, என்னையப் பத்தி ஒரு நிமிசம் நெனச்சியாட்டி நீ? இவன் தனியாக் கெடந்து என்ன செய்வான்னு நெனச்சியா?"

சாத்திய கதவுக்கு வெளியே வரிசை முழுக்க அது கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் இடுப்பிலிருந்த குடங்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்தார்கள். அன்னக்கிளி வரிசையில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டாள். அவன் வைது தீருமட்டும் வைதான்; வசவு தேய்ந்து தேய்ந்து கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சியது, அந்தப் பெயரையும் சொல்லிச் சொல்லிக் குரல் தணிந்ததும் அவன் நாற்காலிக்குத் திரும்பினான்.

தண்ணீர் ஏறி வந்தது. சுவரைத் தாண்டி வழிந்து, தரையில் பரவி, கதவுக்கடியில் புகுந்து நடைபாதையில் ஓடி, எட்டாம் அறைக்குள் பல் டாக்டரின் காலை நனைத்து, வெளியே கீழே வைத்திருந்த குடங்களைத் தானே நிரப்பிக்கொண்டு போனது. அவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. நேரம் இன்னும் பாக்கியிருந்தது. கணுக்கால்வரை தண்ணீரில், எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நேரம் முடிகிற சமயம் கிணற்றிலிருந்து ஒரு மஞ்சள் வாளி மெல்ல மிதந்து வந்து சுவரில் முட்டி நின்றது.

அவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "காது பிஞ்சுதான் இருக்கு" என்றான்.

"அடுத்த புதன் நீங்க வர வேண்டாம்" என்றாள் ஜெபசீலி. குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது.

அவன் வாளியோடு கதவுவரை போய்த் திரும்பினான். "சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்ல" என்றாள். "இனிமேதான்."

அன்றைய தண்ணீரில் ஊர் முழுக்கப் பருப்பு வெந்தது. மறுநாள் காலையில் குருவம்மா கதவைத் திறந்தபோது, சுவருக்கு நடுவே பழைய சிமெண்டுத் தரை, பழைய விரிசலோடு, இடத்துக்குத் திரும்பி வந்திருந்தது. கிணறே இல்லை என்று எழுதிய அலுவலகம், அனுமதியில்லாமல் அறைக்குள் சுவர் கட்டியிருப்பது தெரிய வந்துள்ளது, உடனே இடிக்கவும் என்று எழுதியது. கொத்தனாரே வந்து இடித்தார். கப்பியைக் கவுன்சிலர் கழற்றிக்கொண்டு போனார்.

ஊர் கொஞ்ச நாள் ஜெபசீலியோடு பேசவில்லை. பேச்சு டாக்டரம்மாவிடம் பேசாமல் இருப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். ஒருநாள் அவள் வீட்டு வாசலில் யாரோ காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவள் அதைக் கழுவி நிமிர்த்தி வைத்தாள்.

சங்கரவேலு தன் தோட்டத்துக் கிணற்றில் கொட்டிய மண்ணை அள்ள ஆரம்பித்திருக்கிறான் என்று குருவம்மா சொன்னாள். தனியாளாக ஆரம்பித்தானாம், பிறகு அன்னக்கிளி கூடை தூக்கினாளாம், பிறகு வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர், இரக்கத்தினாலோ தாகத்தினாலோ, மண்வெட்டியோடு போனார்களாம். தண்ணீர் கண்டுவிட்டது. சற்று உப்புத்தான், பருப்பை ராத்திரியே ஊறப்போட்டால் வேகும். அந்தக் கிணற்றைப் பார்க்க ஜெபசீலி போகவில்லை. ஒருமுறை பஸ்ஸில் அவன் நாலு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான். வெளியில் அவள் யாரையும் முதலில் பார்த்துப் பேசுவதில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரோடு மிளகாய் விலை பேசிக்கொண்டிருந்தான். அவள் இறங்கும்வரை அவன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கினாள்.

புதன்கிழமையின் அந்த நேரத்தை அவள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். நாற்காலிகள் எதிரெதிரே இருந்தன. அவள் ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, கிணறு போய்விட்டது என்று ஊருக்கே தெரிந்தபிறகு, ஒரு நடுவயதுப் பெண் இடுப்பில் காலிக் குடத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"தண்ணி இல்லையே" என்றாள் குருவம்மா.

"தெரியும்" என்றாள் அந்தப் பெண்.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். குடத்தை இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே, சரியாக அந்த இடத்தில், சத்தம் வராமல் வைத்தாள். பேசவில்லை. வெளியே மருந்து கொடுக்கும் ஜன்னலில் யாரோ யாரையோ தள்ளாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து அந்தப் பெண் வாயைத் திறக்கப்போவது மாதிரி மூச்சை உள்ளே இழுத்தாள்.

ஜெபசீலி செருப்பைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.